கைத்துப்பாக்கியா, ரைபிளா? – 200 டாலர் வரிக்காக உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கு

வரி அதிகாரிக்கும் வணிகருக்கும் வரும் தகராறுகளில் "எத்தனை சதவீதம்?" என்ற கேள்வியில் அதிகச் சிக்கல் இருப்பதில்லை. சதவீதம் அட்டவணையில் அச்சாகியிருக்கிறது. "இது என்ன சரக்கு?" என்ற கேள்வியில்தான் சண்டையே ஆரம்பிக்கிறது. தேங்காய் எண்ணெய் சமையல் எண்ணெயா, தலைக்குத் தேய்க்கும் எண்ணெயா என்ற வழக்கு நம் வணிகர்கள் அனைவரும் அறிந்ததே. சேலம் மத்திய கலால் ஆணையர் தொடர்ந்த அந்த வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள். பிறகு மூன்று நீதிபதிகள் கூடி 2024 டிசம்பர் 18 அன்றுதான் முடிவு சொன்னார்கள்.

இதே போன்றதொரு சண்டையை அமெரிக்காவில் ஒரு துப்பாக்கிக் கம்பெனி நடத்தியது. தொகை வெறும் 200 டாலர். உச்ச நீதிமன்றம் 1992இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. துப்பாக்கி நம் கடையில் தொங்கும் சரக்கல்ல என்பது உண்மைதான். ஆனால் அந்த வழக்கில் எழுந்த கேள்வி நம் கடைக்கும் பொருந்துகிற கேள்வி. உதிரிப் பாகங்களை ஒரே பெட்டியில் போட்டு விற்றால் விற்றது உதிரியா, முழுப் பொருளா? அதே உதிரிகளைக் கொண்டு இரண்டு விதமான பொருள் செய்யலாம், ஒன்றுக்கு வரி உண்டு, மற்றொன்றுக்கு இல்லை என்றால் பில்லில் எதை எழுதுவது?

1934ஆம் ஆண்டுச் சட்டம்

அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த காலத்தில் கள்ளச்சாராயக் கும்பல்கள் இயந்திரத் துப்பாக்கியோடு ஒன்றையொன்று சுட்டுக்கொண்டன. 1929இல் சிகாகோ நகரில் ஏழு பேர் சுவரோரம் நிறுத்தப்பட்டுச் சுடப்பட்டது நாட்டையே உலுக்கியது. இதன் பின்னணியில் 1934இல் தேசியத் துப்பாக்கிச் சட்டம் வந்தது. துப்பாக்கியை நேரடியாகத் தடை செய்ய மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டா என்ற சந்தேகம் அப்போது இருந்தது. வரி விதிக்கும் அதிகாரத்தில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆகவே தடையை வரியின் உருவத்தில் கொண்டுவந்தார்கள். குறிப்பிட்ட சில வகைத் துப்பாக்கிகளைச் செய்தால் 200 டாலர், கைமாற்றினால் 200 டாலர். ஒவ்வொன்றையும் அரசுப் பதிவேட்டில் பதிய வேண்டும். அந்த நாளில் ஒரு இயந்திரத் துப்பாக்கியின் விலையே ஏறக்குறைய 200 டாலர்தான். சரக்கின் விலைக்குச் சமமாக வரி என்றால் அது வருமானத்துக்காகப் போட்ட வரி அல்ல என்பது எந்த வணிகருக்கும் சொல்லாமலே விளங்கும்.

வரிப்பட்டியலில் இயந்திரத் துப்பாக்கி, சத்தம் அடக்கும் குழாய் ஆகியவற்றோடு "குட்டைக் குழல் ரைபிள்" என்ற ஒன்றும் சேர்ந்தது. அதாவது தோளில் ஊன்றிச் சுடும் ரைபிள். ஆனால் குழல் மட்டும் குட்டை. இது ஏன் பட்டியலில் வந்தது என்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. முதல் மசோதாவில் கைத்துப்பாக்கிகளும் வரிக்கு உட்பட்டிருந்தன. கைத்துப்பாக்கிக்கு வரி என்றால், மக்கள் வரியில்லாத ரைபிளை வாங்கிக் குழலை அறுத்துச் சட்டைக்குள் மறைத்துக்கொள்வார்கள் அல்லவா? அந்த ஓட்டையை அடைக்கவே குட்டை ரைபிளைச் சேர்த்தார்கள். கடைசியில் எதிர்ப்பு வந்ததும் கைத்துப்பாக்கியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஓட்டையை அடைக்க வைத்த ஆப்பு மட்டும் அப்படியே நின்றுவிட்டது. இதனால் ஒரு சாண் நீளக் கைத்துப்பாக்கிக்கு இந்தச் சட்டத்தில் வரியும் இல்லை, பதிவும் இல்லை. அதைவிட நீளமான குட்டை ரைபிளுக்கு இரண்டும் உண்டு.

குழல் எத்தனை அங்குலத்துக்குக் கீழே போனால் "குட்டை" என்பதற்கு முதலில் 18 அங்குலம் வைத்தார்கள். 1960இல் ரைபிளுக்கு அதை 16 அங்குலமாகக் குறைத்தார்கள். ரைபிளை வெட்டிச் செய்த ஆயுதமாக இருந்தால் மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் குறைந்தாலும் வரிப்பட்டியலில் வந்துவிடும். பதிவு செய்யாமல் வைத்திருந்தால் பத்து ஆண்டு வரை சிறை. வரிச்சட்டத்தின் வாலில் சிறைத்தண்டனை தொங்குவதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். வழக்கின் முடிவே அதில்தான் தொங்கியது. (குழலை அறுப்பதை நம் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் விடவில்லை. துப்பாக்கிக் குழலைக் குட்டையாக்க இங்கே தனி உரிமம் வேண்டும்.)

குழல் மாற்றும் துப்பாக்கி

நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ராச்செஸ்டர் என்ற ஊரில் தாம்சன்/சென்டர் ஆர்ம்ஸ் என்ற கம்பெனி இருந்தது. சிகாகோ கும்பல்கள் வைத்திருந்த தாம்சன் துப்பாக்கிக்கும் இந்தக் கம்பெனிக்கும் சம்பந்தமில்லை. பெயர்ப் பொருத்தம் மட்டுமே. இவர்கள் 1967இல் "கண்டெண்டர்" என்ற கைத்துப்பாக்கியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு தோட்டா போட்டு ஒரு முறை சுடும் துப்பாக்கி. வேட்டைக்காரர்களுக்கும் குறி பார்த்துச் சுடும் போட்டிக்காரர்களுக்கும் பிடித்துப்போனது.

இதன் விசேஷம் என்னவென்றால், குழலைக் கழற்றி வேறு குழல் மாட்டலாம். முன்கட்டையைக் கழற்றி, கீல் ஆணியை உருவினால் குழல் கையோடு வந்துவிடும். சிறிய தோட்டாவுக்கு ஒரு குழல், மான் வேட்டைக்குப் பெரிய தோட்டா போடும் இன்னொரு குழல் என்று வாடிக்கையாளர் ஒரே துப்பாக்கிக்கு நாலைந்து குழல் வாங்கி வைத்துக்கொள்வார். விசை, சுத்தியல் எல்லாம் அடங்கிய நடுப்பாகம் மட்டும் மாறாது. ஆங்கிலத்தில் அதற்கு பிரேம் என்று பெயர். தமிழில் "சட்டம்" என்று எழுதலாம்தான். ஆனால் சட்டத்தைப் பற்றிய கட்டுரையில் அப்படி எழுதினால் எந்தச் சட்டம் என்று வாசகர் தடுமாறுவார். பிரேம் என்றே வைத்துக்கொள்வோம். வரிசை எண் இந்த பிரேமில்தான் பொறிக்கப்படுகிறது. சட்டத்தின் கண்ணில் பிரேம்தான் துப்பாக்கி. குழல் வெறும் உதிரி. அதைக் கடையில் சாதாரணமாக வாங்கலாம்.

1985இல் இந்தக் கம்பெனி கொஞ்ச காலம் ஒரு மாற்றுப்பெட்டி விற்றது. அதில் 21 அங்குலக் குழல் ஒன்று, தோளில் ஊன்றுவதற்கான தோள்கட்டை ஒன்று, மரத்தாலான முன்கட்டை ஒன்று. கண்டெண்டர் கைத்துப்பாக்கி வைத்திருப்பவர் இந்தப் பெட்டியை வாங்கினால், சில நிமிடங்களில் அதை நீளக் குழல் ரைபிளாக மாற்றிக்கொள்ளலாம். 21 அங்குலம் என்பது 16க்கு மேல். ஆகவே அந்த ரைபிளுக்கு 200 டாலர் வரி கிடையாது. கைத்துப்பாக்கிக்கும் கிடையாது. பிறகு என்ன சிக்கல்?

சிக்கல் பெட்டியில் இல்லை. மாட்டுகிற வரிசையில் இருந்தது. ஒரு பிரேம், 10 அங்குலக் குழல், 21 அங்குலக் குழல், கைப்பிடி, தோள்கட்டை ஆகியவை ஒருவரிடம் இருக்கின்றன. கைப்பிடியோடு 10 அங்குலக் குழல் மாட்டினால் கைத்துப்பாக்கி. தோள்கட்டையோடு 21 அங்குலக் குழல் மாட்டினால் சாதாரண ரைபிள். தோள்கட்டையோடு 10 அங்குலக் குழலை மாட்டினால்? அதுதான் 1934 சட்டம் சொல்கிற குட்டைக் குழல் ரைபிள். அதற்குக் குழலைக்கூட மாற்ற வேண்டியதில்லை. கைப்பிடியைக் கழற்றித் தோள்கட்டையை மாட்டினால் போதும். நீள ரைபிள் செய்வதைவிடக் குட்டை ரைபிள் செய்வதற்கு நேரம் குறைவு! கம்பெனியும் இது தெரியாமல் இல்லை. 16 அங்குலத்துக்குக் குறைந்த குழலோடு பயன்படுத்துவதை மத்தியச் சட்டம் தடை செய்கிறது என்று தோள்கட்டையிலேயே எச்சரிக்கை பொறித்திருந்தது.

வரி கேட்ட துறை

அன்று துப்பாக்கி விவகாரங்களைக் கவனித்தது நிதித்துறையின் கீழ் இருந்த மது, புகையிலை, துப்பாக்கிப் பிரிவு. (2003இல் தான் இந்தப் பிரிவு நீதித்துறை அமைச்சகத்துக்கு மாறியது.) கைத்துப்பாக்கியும் மாற்றுப்பெட்டியும் சேர்ந்து ஒருவர் கையில் இருந்தால், அல்லது சேர்த்து விற்கப்பட்டால், அது குட்டைக் குழல் ரைபிள் "செய்ததாகவே" ஆகும், வரி கட்ட வேண்டும் என்று 1985இல் அந்தப் பிரிவு தெரிவித்தது. யாரும் மாட்டவில்லையே என்றால், மாட்டத் தேவையான எல்லாம் ஒரே இடத்தில் இருக்கிறதே என்பது பதில்.

கம்பெனி செய்த காரியம் கவனிக்கத்தக்கது. வரி கட்ட மாட்டேன் என்று நின்றிருந்தால் அடுத்த படி கிரிமினல் வழக்கு. ஆகவே ஒரே ஒரு துப்பாக்கிக்கு மட்டும் 200 டாலர் கட்டியது. முறைப்படி விண்ணப்பம் போட்டு, கைத்துப்பாக்கி, தோள்கட்டை, 21 அங்குலக் குழல் மூன்றையும் ஒரே தொகுப்பாகப் பதிவு செய்துகொண்டது. பிறகு "கட்டிய வரியைத் திருப்பிக் கொடு" என்று மனுச் செய்தது. ஆறு மாதத்துக்கு மேல் பதில் இல்லாமல் போகவே நீதிமன்றம் சென்றது. முதலில் வரியைக் கட்டு, பிறகு வழக்காடு என்று நம் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். ஆயிரம் துப்பாக்கியைப் பணயம் வைக்காமல் ஒரு துப்பாக்கியைக் கொண்டு சட்டத்தைச் சோதித்துப் பார்த்த கம்பெனியின் வக்கீலைப் பாராட்டத்தான் வேண்டும்.

1990இல் முதல் நீதிமன்றம் அரசுப் பக்கம் தீர்ப்பளித்தது. 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி, மாட்டாதவரை ரைபிள் இல்லை என்றது. அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1992 ஜூன் 8 அன்று தீர்ப்பு.

தீர்ப்பில் என்ன இருக்கிறது

மூன்று நீதிபதிகள் சார்பில் நீதிபதி சூட்டர் எழுதினார். "மாட்டினால்தான் செய்ததாகும்" என்ற கம்பெனியின் வாதத்தை அவர் அப்படியே ஏற்கவில்லை. சட்டம் "செய்தல்" என்பதற்கு வரையறை சொல்லும்போது "ஒன்றாக மாட்டுதல்" என்பதோடு "வேறு விதமாக உற்பத்தி செய்தல்" என்றும் சொல்லியிருக்கிறது. மாட்டினால் மட்டுமே என்றால் அந்தக் கூடுதல் சொற்கள் வீண். ஆகவே மாட்டாத உதிரித் தொகுப்பும் சில சமயம் முழுப்பொருளே.

எந்தச் சமயம்? அவர் படிப்படியாக இறங்குகிறார். ஒரு பெட்டியில் உள்ள பாகங்களைக் கொண்டு குட்டைக் குழல் ரைபிளைத் தவிர வேறெதுவும் செய்ய முடியாது என்றால் சந்தேகமே இல்லை, வரி உண்டு. நம் ஊரில் புதுச் சைக்கிள் பாகம் பாகமாக அட்டைப்பெட்டியில் வருகிறது. கடைக்காரர் இன்னும் முறுக்கவில்லை என்பதால் அது சைக்கிள் இல்லை என்று சொல்ல முடியுமா? சுங்கவரிச் சட்டத்திலும் இதே விதி இருக்கிறது. பிரித்த நிலையில் வந்தாலும் முழுப்பொருளுக்கு உள்ள தலைப்பிலேயே வகைப்படுத்த வேண்டும்.

அடுத்த படி: வரியில்லாத ஒரு துப்பாக்கி, அதன் பக்கத்தில் ஒரு உதிரி. அந்த உதிரிக்கு, அந்தத் துப்பாக்கியை வரிக்குரிய ஆயுதமாக மாற்றுவதைத் தவிர வேறு வேலையே இல்லை. இதுவும் "செய்தல்" தான் என்றார். முன்பொரு வழக்கில் ஒருவர் கைத்துப்பாக்கியை ஒரு அலமாரியின் ஒரு இழுப்பறையிலும், அதற்கான தோள்கட்டையை அதே அலமாரியின் இன்னொரு இழுப்பறையிலும் வைத்திருந்தார். இழுப்பறை வேறு என்ற சாக்கு செல்லவில்லை.

கண்டெண்டர் பெட்டி இந்த இரண்டு படியிலும் வரவில்லை என்பதே சூட்டரின் முடிவு. கைத்துப்பாக்கியையும் பெட்டியையும் சேர்த்து விற்பதன் நோக்கம் மாற்றுவதுதான், சரி. ஆனால் எதுவாக மாற்ற? வரியுள்ள குட்டை ரைபிளாகவும் மாற்றலாம், வரியில்லாத நீள ரைபிளாகவும் மாற்றலாம். இரண்டுக்கும் வழி திறந்திருக்கும்போது சட்டம் எதைச் சொல்கிறது என்பது தெளிவில்லை. தெளிவில்லாத இடத்தில் யாருக்குச் சாதகம்? இங்கேதான் சிறைத்தண்டனை வந்து சேர்கிறது. வழக்கு வரி வழக்குதான். ஆனால் அதே சொற்களைக் கொண்டு நாளைக்கு ஒருவரைப் பத்தாண்டு சிறைக்கு அனுப்பலாம். அப்படிப்பட்ட சட்டத்தில் சந்தேகம் வந்தால் அதன் பலன் குடிமகனுக்கே என்ற பழைய கொள்கைப்படி, வரியைத் திருப்பிக் கொடு என்றார்.

நீதிபதி ஸ்காலியாவும் நீதிபதி தாமஸும் முடிவை ஒப்புக்கொண்டு வேறு வழியில் வந்தார்கள். ரைபிள் என்பதற்குச் சட்டத்தில் உள்ள விளக்கமே "தோளிலிருந்து சுடுவதற்கென வடிவமைத்து, அந்த நோக்கத்தோடு செய்தது" என்பது. நோக்கம் என்ன என்பதைத் தோள்கட்டையில் பொறித்த எச்சரிக்கையே சொல்கிறதே என்று ஸ்காலியா சுட்டிக்காட்டினார். லேபிளில் எழுதும் ஒரு வரிக்கு இத்தனை மதிப்பா என்று சிலர் கேட்கலாம். தேங்காய் எண்ணெய் வழக்கைப் பாருங்கள். சிறிய பாட்டிலில் அடைத்ததனால் மட்டும் தூய தேங்காய் எண்ணெய் தலை எண்ணெய் ஆகிவிடாது, தலை எண்ணெய்க்குரிய குறிப்புகள் பெட்டியில் அல்லது லேபிளில் இருந்தால்தான் அந்த வகையில் போகும் என்றுதான் நம் உச்ச நீதிமன்றமும் முடித்தது. அந்தத் தீர்ப்பு வந்தபோது ஜி.எஸ்.டி.யில் சமையல் எண்ணெய்க்கு 5, தலை எண்ணெய்க்கு 18. (2025 செப்டம்பர் 22 முதல் தலை எண்ணெயும் 5 சதவீதத்துக்கு வந்துவிட்டதால் வித்தியாசம் மறைந்தது, பழைய பாக்கி வழக்குகளுக்குத் தீர்ப்பு இன்னும் தேவைப்படும்.)

மறுத்த நான்கு நீதிபதிகளின் பேச்சிலும் நியாயம் இல்லாமல் இல்லை. குட்டை ரைபிளுக்கு வேண்டிய அத்தனை பாகமும் கையில் இருக்கிறது, மாட்ட நிமிடக்கணக்கில் நேரம் போதும். கூடவே இன்னொரு குழலும் இருப்பதால் இது எப்படி இல்லாமல் போகும் என்பது அவர்கள் கட்சி. நீதிபதி ஸ்டீவன்ஸ் இது பொதுமக்கள் பாதுகாப்புக்கான சட்டம், வரி செலுத்துபவருக்குச் சலுகை காட்டும் இடமல்ல என்று தனியாகவும் எழுதினார். நமக்கு இந்த வாதம் புதிதல்ல. குட்கா தடை வந்தபோது பான் மசாலா ஒரு பொட்டலம், புகையிலை ஒரு பொட்டலம் என்று இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து விற்றார்கள். வாங்கியவர் வாயில் போடும் முன் கலந்துகொண்டார். இது சட்டத்தை ஏய்க்கும் தந்திரம் என்பதே உச்ச நீதிமன்றத்தில் எழுந்த புகார். 2016 செப்டம்பரில் நீதிமன்றம் தடைவிதியை நடைமுறைப்படுத்த உத்தரவிட்டது. அந்த இரட்டைப் பொட்டலத்துக்குக் கலப்பதைத் தவிர வேறு நோக்கம் சொல்வது கடினம். கண்டெண்டர் பெட்டிக்கு நீள ரைபிள் என்ற நியாயமான வேறு நோக்கம் இருந்தது. என் பார்வையில் வித்தியாசம் இதுதான்.

பிறந்தது எதுவாக?

தீர்ப்பு வந்த பிறகும் ஒரு கேள்வி மிச்சமிருந்தது. கைத்துப்பாக்கியை நீள ரைபிளாக மாற்றலாம், சரி. மறுநாள் அதையே திரும்பக் கைத்துப்பாக்கியாக மாற்றினால்? சட்டத்தில் "ரைபிளிலிருந்து செய்த குட்டை ஆயுதம்" என்ற ஒரு வரி இருக்கிறது. ஒரு மணி நேரம் ரைபிளாக இருந்த பாவத்துக்கு அது என்றைக்கும் ரைபிளாகிவிடுமா? பல ஆண்டு இந்தக் குழப்பம் நீடித்தது. 2011இல் துறை ஒரு விளக்க உத்தரவு வெளியிட்டது (உத்தரவு எண் 2011-4). அதன்படி முதலில் கைத்துப்பாக்கியாகப் பிறந்த ஒன்றை, 16 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள குழலோடு ரைபிளாக்கி, பிறகு பழையபடி கைத்துப்பாக்கியாக்கினால் வரி இல்லை, குற்றமும் இல்லை. ஆனால் முதலிலேயே ரைபிளாகப் பிறந்ததைக் குட்டைக் குழல் மாட்டிக் கைத்துப்பாக்கி ஆக்கினால் அது வரிப்பட்டியலில் வந்துவிடும்.

மாட்டும் வரிசையும் முக்கியம். கைத்துப்பாக்கியை ரைபிளாக்கும்போது முதலில் நீளக் குழலை மாட்டிவிட்டுப் பிறகு தோள்கட்டையை மாட்ட வேண்டும். திரும்பும்போது முதலில் தோள்கட்டையைக் கழற்ற வேண்டும். வரிசை தவறினால் இடையில் சில விநாடிகள் தோள்கட்டையும் குட்டைக் குழலும் ஒன்றாக நிற்கும். அந்தச் சில விநாடிகளுக்கு அது பதிவு செய்யாத குட்டைக் குழல் ரைபிள்.

வெறும் பிரேமை மட்டும் விற்கும் வியாபாரியின் நிலை இதைவிட நுட்பமானது. பிரேம் சட்டப்படி துப்பாக்கி. உரிமம் பெற்ற வியாபாரி படிவம் பூர்த்தி செய்து, வாங்குபவரின் பின்னணியைச் சோதித்துத்தான் விற்க முடியும். ஆனால் அது கைத்துப்பாக்கியும் அல்ல, ரைபிளும் அல்ல. ஒற்றைக் கையால் சுடுவதற்கான கைப்பிடி மாட்டவில்லை, தோள்கட்டையும் மாட்டவில்லை. படிவத்தில் "கைத்துப்பாக்கி", "நீளத் துப்பாக்கி", "மற்றவை" என்ற கட்டங்களில் மூன்றாவதில் குறிக்க வேண்டும். 2009 ஜூலையில் துறை வியாபாரிகளுக்கு இதை ஒரு திறந்த கடிதமாகவே எழுதியது.

"மற்றவை" என்று எழுதுவதன் விளைவு வெறும் எழுத்து வேலை அல்ல. 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாசகப்படி ரைபிளும் வேட்டைத் துப்பாக்கியும் 18 வயது நிறைந்தவருக்கு விற்கலாம். மற்ற எல்லாத் துப்பாக்கிக்கும் 21 வயது ஆக வேண்டும். ஆகவே வாங்குபவர் "நான் ரைபிள் செய்யத்தான் வாங்குகிறேன்" என்று சத்தியம் செய்தாலும் 19 வயதுக்காரருக்கு வெறும் பிரேமை விற்க முடியாது. வேறு மாநிலத்தவருக்கும் கடையில் நேராகக் கொடுக்க முடியாது. அந்தச் சலுகையும் ரைபிளுக்கும் வேட்டைத் துப்பாக்கிக்கும் மட்டுமே. (இந்த 21 வயது வரம்பு கைத்துப்பாக்கி விஷயத்தில் அரசியல் சட்டப்படி செல்லாது என்று டெக்சாஸ் உள்ளிட்ட மூன்று மாநிலங்களுக்கான மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 ஜனவரியில் தீர்ப்பளித்தது.) வாங்குபவரின் எதிர்கால எண்ணம் கடைக்காரர் பில்லில் ஏறாது. விற்கும் நிமிடத்தில் மேசை மேல் இருப்பது எதுவோ அதுதான் சரக்கு.

குழல் மாற்றும் துப்பாக்கி விற்கும் வியாபாரிகளுக்கு இதில் ஒரு கணக்குப்பிள்ளை வேலையும் சேர்கிறது. தொழிற்சாலையிலிருந்து வெளியேறும்போது அது கைத்துப்பாக்கியாக வந்ததா, ரைபிளாக வந்ததா என்பது வரிசை எண்ணோடு புத்தகத்தில் இருக்க வேண்டும். பார்வைக்கு ஒரே பிரேம், ஒரே உருக்கு, ஒரே விலை. ஆனால் ரைபிளாகப் பிறந்த பிரேமில் 10 அங்குலக் குழல் மாட்டினால் குற்றம். கைத்துப்பாக்கியாகப் பிறந்ததில் கைப்பிடியோடு அதே குழலை மாட்டினால் ஒன்றுமில்லை. பழைய துப்பாக்கியை மறுவிற்பனைக்கு வாங்குபவர் பிறந்த கதையை விசாரிக்காமல் வாங்கினால் ஆபத்து. உற்பத்தியாளர் கட்டும் கலால் வரியிலும் இதே பிரிவினை உண்டு. கைத்துப்பாக்கிக்கு 10 சதவீதம், மற்றத் துப்பாக்கிகளுக்கு 11 சதவீதம். அந்தப் பணம் வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகிறது.

அண்மை மாற்றங்கள்

உதிரிப் பெட்டி பற்றிய கேள்வி மீண்டும் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. முழுதும் முடிக்காத பிரேமும் மற்றப் பாகங்களும் ஒரே பெட்டியில் போட்டு, வரிசை எண் இல்லாமல், வீட்டிலேயே துப்பாக்கி செய்துகொள்ளலாம் என்று விற்றார்கள். இந்தப் பெட்டிகளும் துப்பாக்கியே என்று 2022இல் அரசு விதி கொண்டுவந்தது. 2025 மார்ச் 26 அன்று ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் நீதிமன்றம் அந்த விதியை நிலைநிறுத்தியது. சாதாரணக் கருவிகளைக் கொண்டு ஒருவர் 21 நிமிடத்தில் அத்தகைய பெட்டியிலிருந்து சுடக்கூடிய துப்பாக்கி செய்து முடித்த விவரம் தீர்ப்பில் வருகிறது. கடையில் வாங்கி வீட்டில் முறுக்கிக்கொள்ளும் மேசையை முறுக்குவதற்கு முன்பே நாம் மேசை என்றுதான் சொல்கிறோம் என்ற உதாரணத்தையும் நீதிபதி கோர்சச் எடுத்தாண்டார். இந்தத் தீர்ப்பை 1992 தீர்ப்புக்கு முரண் என்று சொல்ல முடியாது. அந்தப் பெட்டியிலிருந்து துப்பாக்கியைத் தவிர வேறு எதுவும் வராது. சூட்டர் சொன்ன முதல் படி அதுவே.

தாம்சன்/சென்டர் கம்பெனியை 2007இல் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் வாங்கியது. 1934இல் போட்ட 200 டாலர் வரி தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் ஒரு காசு ஏறவில்லை, இறங்கவில்லை. பணத்தின் மதிப்பு தேயத் தேய, துப்பாக்கி விலையே என்றிருந்த வரி பெட்டித் தோட்டாக்களின் விலையளவுக்கு வந்து நின்றது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான ஒரு பெரிய வரவுசெலவுச் சட்டத்தில், 2026 ஜனவரி 1 முதல் குட்டைக் குழல் ரைபிளுக்கும் சத்தம் அடக்கும் குழாய்க்கும் இந்த வரியைப் பூஜ்யமாக்கிவிட்டார்கள். இயந்திரத் துப்பாக்கிக்கு 200 டாலர் பழையபடி இருக்கிறது. வரி பூஜ்யம் என்றாலும் முன்கூட்டி விண்ணப்பம் போட்டுப் பதிவு செய்யும் கடமை எடுக்கப்படவில்லை. தோள்கட்டையில் 10 அங்குலக் குழலை மாட்ட நினைப்பவர் இப்போது காசோலை இல்லாமல் படிவத்தை மட்டும் அனுப்ப வேண்டும். அனுமதி வரும்வரை மாட்டக் கூடாது.